‘நீ யாரு கேக்க?’: ஏற்காடு அடிவாரச் சாலையில் வேகம் பார்த்த ஊர்க்காரர்கள் – ஒரு நிகழ்வு ஆய்வு

சேலத்திலிருந்து ஏற்காடு போய் வந்தவர்களின் பேச்சில் அடிவாரம் வரைக்குமான சாலைக்கு இடமே இருக்காது. இருபது கொண்டை ஊசி வளைவு, தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருக்கும் குரங்குகள், மேலே போனதும் ஏரி, படகு. அஸ்தம்பட்டியும் கோரிமேடும் சீக்கிரம் தாண்ட வேண்டிய இடங்கள், அவ்வளவுதான். ஏறுகிறவருக்கு மலை எப்போது வரும் என்ற அவசரம். இறங்குகிறவருக்கு இருபது வளைவிலும் பிரேக்கில் வைத்திருந்த காலை எடுக்கலாம் என்ற நிம்மதி. இரண்டும் வந்து சேர்வது அடிவாரத்துக்குக் கீழே உள்ள நேர்ச்சாலையில். அந்த நேர்ச்சாலையின் இரண்டு பக்கமும் ஊர்கள் இருக்கின்றன.

இந்த ஆய்வு அப்படி ஓர் ஊரைப் பற்றியது. பெயர் சொல்லவில்லை. சொன்னால் விசில் ஊதியது யார், சண்டைக்கு வந்தது யார் என்று அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சாலையில் ஊரின் நீளம் சுமார் ஒரு கிலோமீட்டர். வீடுகள் பெரும்பாலும் ஒரு பக்கம். பள்ளிக்கூடம், பால் சொசைட்டி, ரேஷன் கடை மறுபக்கம். காலையில் பால் ஊற்ற ஒருமுறை, பிள்ளையை விட ஒருமுறை, பஸ் ஏற ஒருமுறை என்று ஊரே சாலையைக் கடந்துகொண்டுதான் இருக்கும். நான் அந்த ஊர்க்காரன் இல்லை. நெடுஞ்சாலை வேலைகளில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். ‘ரெண்டு கோடு போட்டு ஸ்பீடு பாக்கணும் சார், தூரத்தை மட்டும் சரியா அளந்து குடுங்க’ என்று கூப்பிட்டார்கள். டேப்போடு போனவன் அடுத்தடுத்த வாரங்களிலும் போய் நின்றேன்.

எப்படித் தொடங்கியது

சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பிய ஓர் அம்மாவை பைக் இடித்து இடுப்பெலும்பு உடைந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த இடத்தில் அது முதல் விபத்தும் இல்லை. அன்று சாயங்காலமே சாலை மறியல். போலீஸ் வந்தது, வருவாய்த் துறையிலிருந்து ஆள் வந்தார், ‘ஸ்பீடு பிரேக்கர் போட ஏற்பாடு பண்றோம்’ என்றதும் கூட்டம் கலைந்தது. தமிழ்நாட்டில் விபத்துக்கான மறியல்கள் பெரும்பாலும் முடிகிற விதம் இதுதான்.

ஸ்பீடு பிரேக்கர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் நினைத்த நேரத்தில் நெடுஞ்சாலையில் கொட்டிவிடக்கூடிய பொருள் இல்லை அது. சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 99-ஆம் எண் வழிகாட்டியில் வேகத்தடைக்கு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் என்று அளவு இருக்கிறது. 25 கி.மீ. வேகத்தில் வருகிறவரைத் தூக்கிப் போடாமல் கடக்க விடும் மேடு அது. ஊர்க்காரர்கள் பொறுமை இழந்து ராத்திரியோடு ராத்திரியாக ஜல்லியும் சிமெண்டும் கொட்டி எழுப்புவது குறுகலாக, செங்குத்தாக இருக்கும். அதில் முதலில் விழுவது பைக்கின் பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து வரும் பெண்கள்தான். வேகமாக வந்த ஆள் எப்படியோ தப்பிப் போய்விடுவான். இங்கே அந்த வேலையைச் செய்யவில்லை. ஃபைல் நகர்கிற வரைக்கும் நாமே நின்று பார்ப்போம் என்று பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். ஓய்வு பெற்ற மில் தொழிலாளி ஒருவர், மகளிர் குழுவிலிருந்து சில பெண்கள், கல்லூரிப் பையன்கள் இரண்டு மூன்று பேர், சங்ககிரி லாரிகளில் காலமெல்லாம் ஓட்டி இறங்கிய ஒருவர். அவரை எல்லோரும் லாரிக்கார அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ஆம் ஆண்டு நாடு முழுக்கச் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 71.2 சதவீதம் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். அந்த 71 சதவீதத்தை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. விபத்து நடந்த நேரத்து வேகத்தை யாரும் அளந்திருப்பதில்லை; காரணம் என்ற கட்டத்தை நிரப்ப ‘அதிவேகம்’ எப்போதும் கைக்கு வசதி. விளக்கில்லாத சந்திப்பும் கடக்க வழியில்லாத சாலையும் அதற்குள் காணாமல் போய்விடுகின்றன. அதற்காக வேகத்தை ஒதுக்கிவிடவும் முடியாது. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர் போகும் விபத்துக்கான வாய்ப்பு நாலு சதவீதம் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லி வரும் கணக்கு.

விசில் ஊதிய வாரங்கள்

ஒளிரும் பச்சை ஜாக்கெட், விசில், சிவப்புத் துணி சுற்றிய கம்பு. வேகமாக வரும் வண்டியைக் கை காட்டி நிறுத்தி ‘மெதுவா போங்க’ என்று சொல்வதுதான் முதலில் போட்ட திட்டம். சுற்றுலா வந்தவர்கள் பெரும்பாலும் நின்றார்கள், சரிங்க என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். வம்பு வந்தது அக்கம்பக்கத்துக்காரர்களிடம். பக்கத்து ஊர் இளைஞர் ஒருவர் பல்சரை நிறுத்தி, ஹெல்மெட்டின் கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்:

‘நீ யாரு கேக்க? போலீஸா, ஆர்டிஓவா?’

எதிரில் நின்றவர் அந்த மில் தொழிலாளி. ‘கொழந்தைங்க போற எடம் தம்பி, அதான்’ என்றார்.

‘கவர்மெண்ட்டு ரோடுங்க இது. உங்க ஊட்டு வாசல் இல்ல.’

பின்னால் உட்கார்ந்திருந்தவர் ‘டேய், ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸாட்டம் இருக்குது, அடிச்சுப்புடப் போறாங்க, வாடா’ என்றார். டீக்கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். இத்தனைக்கும் சிரித்தவர்களில் சிலர் மறியலில் ரோட்டில் உட்கார்ந்தவர்கள்.

அந்தச் சிரிப்பைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் 1993இல் ராமநாதபுரத்தில் பிரதீப் வி. பிலிப் எஸ்.பி.யாக இருந்தபோது தொடங்கப்பட்டது. போலீஸுக்கும் மக்களுக்கும் நடுவே ஊர்க்காரர்களே பாலமாக இருக்கட்டும் என்ற எண்ணம். 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தபோது அந்த அமைப்பினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்பு மறுத்தது. ஜூலையில் மாநில அரசு அதைத் தடை செய்தது. காக்கி போடாமல் காக்கியின் தோரணையில் ஒருவர் நின்றால் ஜனங்கள் எதை நினைத்துக்கொள்வார்கள் என்பது அன்றிலிருந்து மாறிவிட்டது. ஒளிரும் ஜாக்கெட் போட்டுக்கொண்டதும் அந்த மில் தொழிலாளி தெரிந்த மனிதராக இல்லாமல் போனார்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு விஷயமும் இருந்தது. எந்தத் தெருப் பையனை எந்தத் தெருக்காரர் நிறுத்தினார் என்பது. ஒரே தெருவாக இருந்தால் ‘மெதுவா போப்பா’ பெரியவர் சொன்ன புத்தி. வேறு தெருவாக இருந்தால் அதே பேச்சு வீட்டுக்குப் போய்ச் சேரும்போது வேறாகிவிடுகிறது. அப்படி ஒன்று முற்றி, இரண்டு தெருப் பெரியவர்களும் கோயில் திண்ணையில் உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். வேகத்தைக் குறைக்கப் போய் சாதிச் சண்டையில் போய் நிற்கப் பார்த்தது காரியம். அதோடு கை காட்டுவதும் விசிலும் நின்றன.

எஸ்.ஐ. சொன்னதும் அதுதான். ‘நிறுத்தாதீங்க. நாளைக்கு எவனாவது உங்களை ஒதுங்கப் போயி கீழ விழுந்தான்னா கேஸ் உங்க மேலதான் வரும்.’ சட்டமும் அவர் பக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-ஆம் பிரிவுப்படி லைசென்ஸைக் காட்டச் சொல்லும் அதிகாரம் சீருடையில் உள்ள போலீஸ்காரருக்கும், வண்டியின் ஆவணங்களைக் கேட்கும் அதிகாரம் மோட்டார் வாகனத் துறை அதிகாரிக்கும் உண்டு, வழிப்போக்கருக்கு இல்லை. பொதுஜனமே ஒருவரைப் பிடித்துக் கொடுக்கலாம் என்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு சொல்வது கடுமையான, ஜாமீனில் விடத் தகாத குற்றங்களுக்கு. வேகமாகப் போவது அந்தப் பட்டியலில் வராது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவில் அதிவேகத்துக்கு இலகு ரக வாகனம் என்றால் 1,000 முதல் 2,000 ரூபாய், நடுத்தர, கனரக வாகனம் என்றால் 2,000 முதல் 4,000 ரூபாய். கேமராவையோ ஸ்பீடு கன்னையோ வைத்து அபராதம் போடுவதற்கு 2021 ஆகஸ்டில் 167ஏ என்ற விதி வந்தது. கருவிக்கு ஒப்புதல் சான்று வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், கண்காணிப்பு இருக்கிறது என்று பலகை வைக்க வேண்டும், 15 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். ஊர்க்காரர் கையில் இருக்கும் செல்போன் இதில் எங்கேயும் நுழைய முடியாது.

சுண்ணாம்புக் கோடு

அபராதத்துக்கு உதவாது என்றால் அளந்து என்ன செய்வது? லாரிக்கார அண்ணன்தான் பதில் சொன்னார். ‘வேகமா வர்றான், வேகமா வர்றான்னு எல்லாரும் கத்தறோம். எவ்வளவுன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. தெரிஞ்சாத்தானுங்க பேச முடியும்.’

சாலையின் குறுக்கே சுண்ணாம்பில் இரண்டு கோடு. முதலில் இடைவெளி 50 மீட்டர் வைத்தோம். ஒரு வண்டி 50 மீட்டரை 3 விநாடியில் கடந்தால் 60 கி.மீ. வேகம், நாலரை விநாடி எடுத்தால் 40. சிக்கல் கட்டைவிரலில் இருந்தது. ஸ்டாப்வாட்சை 0.3 விநாடி முந்தியோ பிந்தியோ அமுக்கினால் 60 என்பது 67 ஆகவோ 55 ஆகவோ மாறிவிடும். அதனால் 100 மீட்டர் ஆக்கினோம். 60 கி.மீ. வேகத்துக்கு 6 விநாடி. அதே பிழை வந்தாலும் 57க்கும் 63க்கும் நடுவில் நின்றுவிடும். ஒரே ஆள் ஒரே இடத்திலிருந்து இரண்டு கோட்டையும் பார்த்தால் தூரத்துக் கோடு எங்கே இருக்கிறது என்று கண் ஏமாற்றும். ஆகவே முதல் கோட்டில் ஒருவர் கையை உயர்த்தி நிற்பார். முன் சக்கரம் கோட்டைத் தொட்டதும் கையை இறக்குவார். இரண்டாம் கோட்டில் இருப்பவர் அந்தக் கையைப் பார்த்து ஆரம்பித்து, தன் காலடியில் உள்ள கோட்டில் முடிப்பார். மகளிர் குழுப் பெண்கள் இதில் பையன்களைவிடச் சீக்கிரம் தேறினார்கள். பையன்கள் வண்டியின் மாடலைப் பார்ப்பார்கள். அவர்கள் சக்கரத்தைப் பார்த்தார்கள்.

கல்லூரிப் பையன் ஒருவன் ஸ்பீடு கன் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டான். போலீஸ் வைத்திருக்கும் ராடர் கருவி சாலைக்குச் சாய்வாகப் பிடித்தால் வேகத்தைக் குறைத்துத்தான் காட்டும்; 20 டிகிரி சாய்ந்தால் 60இல் போகிற வண்டி 56 ஆகத் தெரியும். பிழைகூட ஓட்டுநருக்குச் சாதகமாகத்தான் விழும். எங்கள் முறையில் பிழை இரண்டு பக்கமும் விழும். யாரையும் தண்டிக்கப் போவதில்லை என்பதால் அது போதும் என்று விட்டுவிட்டோம்.

எந்த வேகத்துக்கு மேல் எழுதுவது என்று அடுத்த கேள்வி. மத்திய அரசின் 2018 அறிவிக்கையில் இப்படிப்பட்ட சாதாரணச் சாலைகளில் காருக்கு 70, பைக்குக்கும் பஸ், லாரிகளுக்கும் 60 என்று உச்ச வரம்பு இருக்கிறது. அதற்குக் கீழே வைத்துக்கொள்ள மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. ஊர் எல்லையில் 40 என்று ஒரு பலகை நின்றது. அதில் பாதியை ஒரு மஞ்சள் நீராட்டு விழா ஃபிளெக்ஸ் மறைத்திருந்தது. கழற்றச் சொன்னால் வீட்டுக்காரர் மனசு கோணும் என்று விழா முடியும் வரை காத்திருந்து, பிறகு அவரையே கேட்டுக் கழற்றினார்கள். பலகை தெரிந்த பிறகுதான் 40க்கு மேல் எழுதலாம் என்று முடிவு. சிலருக்கு 40 ரொம்பக் குறைவாகப் பட்டது. லாரிக்கார அண்ணன் சுண்ணாம்பால் தரையில் கணக்குப் போட்டுக் காட்டினார். காய்ந்த சாலையில், நல்ல டயரோடு, ஒன்றரை விநாடி சுதாரிப்பும் சேர்த்து, 40இல் வருகிறவர் நிற்க சுமார் 27 மீட்டர் வேண்டும்; 60இல் வருகிறவருக்கு 48 மீட்டர். இன்னொரு கணக்கு அதைவிட எடுபட்டது. ஊரின் ஒரு கிலோமீட்டரை 60இல் கடந்தால் ஒரு நிமிஷம், 40இல் கடந்தால் ஒன்றரை நிமிஷம். மிச்சம் பிடிப்பது அரை நிமிஷம்.

ஜாக்கெட்டோடு நின்றால் எல்லா வண்டியும் கோட்டுக்கு முன்னாலேயே அடங்கிவிடும். ரேஷன் கடை தாண்டியதும் மறுபடி முறுக்கும் சத்தம் கேட்கும். அதனால் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியும் அளந்தார்கள். உண்மையான வேகம் அப்போதுதான் தெரிந்தது. ஊரில் அதிகக் கெட்ட பெயர் வாங்கித் தந்ததும் அதுதான். ‘ஒளிஞ்சு ஒக்காந்து புடிக்கறாங்க’ என்ற பேச்சு பரவியது. பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை, நோட்டில் விநாடி எழுதுவதோடு சரி என்று எத்தனை சொன்னாலும் எடுபடவில்லை. நேருக்கு நேர் நின்று திட்டியிருந்தால்கூட மன்னித்திருப்பார்கள்; தெரியாமல் பார்த்தது தாங்கவில்லை. டீக்கடைக்காரர் பெஞ்சில் உட்கார வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நிறுத்தி டீ குடிக்கிறவன்தான் அவருக்குப் பிழைப்பு.

நோட்டில் வந்தவர்கள்

முதலில் முழு வண்டி நம்பரையும் எழுதினார்கள், போட்டோவும் எடுத்தார்கள். ஒரு பையன் அதில் ஒரு படத்தை ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். ஸ்கூட்டரில் 62. ஓட்டியது பிளஸ் டூ முடித்த ஒரு பெண், பின்னால் தோழி. அன்று ராத்திரியே அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். சத்தம் போடவில்லை.

‘எம் பொண்ணு வேகமாப் போனது தப்புதானுங்க. ஊட்டுக்கு வந்து எங்கிட்டச் சொல்லியிருக்கலாம். இப்ப குரூப்புல இருக்கறவன் எவனும் ஸ்பீடப் பாக்கலீங்க. அவ எங்க போனா, யாருகூடப் போனான்னுதான் கேக்கறான்.’

படத்தை எடுத்தார்கள், ஆனால் பார்த்தவர்கள் பார்த்தாயிற்று. அந்தப் பெண் கொஞ்ச நாள் வண்டி எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு போட்டோ கிடையாது, முழு நம்பரும் கிடையாது. நேரம், வண்டி ரகம், விநாடி, நம்பரின் முன்பாதி. டிஎன் 30, டிஎன் 54, கேஏ 51 என்ற அளவில் மட்டும். இந்த மாற்றத்தை நான் இந்த முயற்சியின் மிகச் சரியான முடிவாகப் பார்க்கிறேன். ஒரு வண்டியை அடையாளம் காட்டுவது சின்ன ஊரில் ஒரு குடும்பத்தை அடையாளம் காட்டுவதுதான்.

எதிர்பாராத விதமாக, அந்த முன்பாதியே கதையை மாற்றியது. தொடங்கும்போது எல்லோர் மனசிலும் இருந்த குற்றவாளி ‘பெங்களூர் கார்’. நோட்டில் வேறு மாதிரி வந்தது. கேஏ வண்டிகளில் பெரும்பாலானவை மேப்பைப் பார்த்துக்கொண்டு, பஸ்ஸை முந்தலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டு போயின. ஞாயிறு விடியற்காலையில் கூட்டமாக வரும் பெரிய பைக்குகள் மட்டும் விதிவிலக்கு. அதிலும் டிஎன் பலகைகள் குறைவில்லை. வாரம் முழுக்க 40ஐத் தாண்டி எழுதப்பட்டவை அதிகமும் டிஎன் 30, 54, 90. சேலம் மேற்கு, கிழக்கு, தெற்கு. விடிகாலையில் பூவும் காய்கறியும் ஏற்றிப் போகும் சின்ன சரக்கு ஆட்டோக்கள், பால் வேன், வேலைக்கு நேரமாகிவிட்டவர்கள், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும் பெற்றோர். முறையான மாதிரி எடுத்து நடத்திய ஆய்வு இல்லை இது. இருட்டிய பிறகு யாரும் அளக்கவில்லை, மழை நாளில் அளக்கவில்லை. ஆனாலும் போக்கு இவ்வளவு தெளிவாக இருந்ததால் மறைக்க முடியவில்லை.

மே 1 கிராம சபையில் இதைப் படித்தார்கள். பெயர் இல்லை, நம்பர் இல்லை, ரகமும் வேகமும் மட்டும். முதலில் அமைதி. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர், ‘எதுக்கு நம்ம மானத்த நாமளே வாங்கிக்கணும்? மேல போற வண்டிய விட்டுப்போட்டு நம்மாளையே எழுதிட்டு இருக்கீங்க’ என்றார். கை தட்டினார்கள். மறியலில் முன்னால் நின்ற வார்டுக்காரர் ஒருவர் அதற்குப் பிறகு கோட்டுப் பக்கமே வரவில்லை.

இந்த நிகழ்வில் நான் முக்கியமாகக் கருதுவது இதைத்தான். தன்னார்வலர்கள் மீதான வெறுப்பு வேகத்தைப் பற்றியதே இல்லை. வேகம் தப்பு என்பதில் எல்லோரும் ஒருமனம். டீக்கடையில் யாரைக் கேட்டாலும் 40 நியாயமான வேகம்தான் என்பார். தகராறு, சொல்வது யார் என்பதிலும் சொல்லப்படுவது யாருக்கு என்பதிலும். வெளியூர்க்காரனைச் சொல்லும் வரை அவர்கள் ஊர்க் காவலர்கள். உள்ளூர்க்காரனைச் சொன்னதும் வேலையற்றவர்கள். ‘அடுத்த எலெக்‌ஷன்ல வார்டுக்கு நிக்கத்தான் இந்த வேஷம்’ என்று ஒரு பேச்சு ஓடியது. அதற்கு ஒரு காரணமும் இருந்தது: ஒரு கட்சிக்காரர் ஜாக்கெட் வாங்கித் தருகிறேன், முதுகில் என் பேர் இருக்கட்டும் என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். கேட்டது மட்டும் ஊருக்குத் தெரிந்தது.

இங்கிலாந்துக் கிராமங்களில் கம்யூனிட்டி ஸ்பீட்வாட்ச் என்ற பெயரில் இதே வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது. அங்கேயும் தன்னார்வலருக்கு நிறுத்தும் அதிகாரம் கிடையாது, அபராதமும் கிடையாது. போலீஸ் பயிற்சி கொடுக்கிறது, எங்கே நிற்கலாம் என்று இடத்தைப் போலீஸே ஒப்புக்கொள்கிறது, கையில் கருவி இருக்கிறது. ஊருக்குள் பொதுவாக மணிக்கு 30 மைல், அதாவது 48 கி.மீ. தாண்டிய வண்டியின் நம்பரைக் கொடுத்தால் உரிமையாளர் வீட்டுக்குப் போலீஸிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் போகும். அங்கும் அவர்களை வேலையில்லாதவர்கள் என்கிறார்கள், காரிலிருந்து கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போகிறார்கள். ஆனால் திட்டு வாங்குகிறவருக்கும் கடிதம் போடுகிறவருக்கும் நடுவே ஒரு தூரம் இருக்கிறது. இங்கே அந்தத் தூரம் இல்லை. அளந்தவரும் அளக்கப்பட்டவரும் மறுநாள் ஒரே ரேஷன் வரிசையில் நிற்கிறார்கள்.

பஸ்காரர்கள்

2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து இறங்கிய தனியார் பஸ் 13-ஆவது வளைவில் கவிழ்ந்து உயிர்கள் போனது. அதற்குப் பிறகு பஸ் என்றாலே ஊரில் பேச்சு சூடாகும். நோட்டில் பஸ்கள் மோசமாக இல்லை, ஆனால் சில நேரத்து சர்வீஸ்கள் மட்டும் தவறாமல் வந்தன. பெண்கள் இரண்டு பேர் பஸ் ஸ்டாப்பில் நின்று கண்டக்டரிடமே கேட்டார்கள். அவர் மழுப்பவில்லை.

‘யக்கா, மேல ஒரு லாரி பின்னாடி மாட்டுனா பத்து நிமிஷம் போயிரும். வளைவுல அதைப் புடிக்க முடியாது, புடிக்கவும் கூடாது. கீழ இந்த நேர் ரோட்டுலதான் புடிக்கணும். லேட்டாப் போனா பின்னாடி வர்ற வண்டி எங்க கலெக்‌ஷன எடுத்துருவான். எங்க பேட்டாவே கலெக்‌ஷன்லதான்.’

மலையில் இழந்த நேரம் ஊருக்குள் வசூலாகிறது. பஸ்ஸின் டைமிங் போட்டவர்கள் மலையில் வண்டி மாட்டும் நேரத்தைக் கணக்கில் சேர்த்திருந்தால் ஓட்டுநரிடம் கெஞ்ச வேண்டியதே இல்லை. முதலாளி தரப்பில் எழுதிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஓட்டுநர்கள் சிலர் மட்டும் பள்ளி விடும் நேரத்தில் குறைத்துக்கொள்கிறோம் என்று வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்டார்கள். அந்த நேரத்து விநாடிகள் கூடியதை நோட்டில் பார்க்க முடிந்தது. லாரிக்கார அண்ணன் ஓட்டுநர்களோடு டீ குடித்துப் பேசியது இதில் எந்த நோட்டைவிடவும் உதவியது. ஸ்டீயரிங் பிடித்தவன் சொன்னால் ஸ்டீயரிங் பிடித்தவன் கேட்கிறான்.

இப்போது

கிராம சபைக்குப் பிறகு ஆள் பாதியாகக் குறைந்தது. மிச்சம் இருப்பவர்களில் பெண்கள்தான் அதிகம். காலையிலும் சாயங்காலமும் பள்ளி வாசலில் நின்று பிள்ளைகளைக் கைபிடித்துச் சாலை கடத்திவிடுகிறார்கள். அதே ஜாக்கெட், அதே ஆட்கள். இதற்கு ஒருவரும் ‘நீ யாரு கேக்க’ என்று கேட்டதில்லை. வண்டிக்காரர்கள் தாமாகவே நிற்கிறார்கள். பல்சர்காரர்கூட நின்று பார்த்திருக்கிறேன். பிள்ளையைக் கடத்திவிடும் அக்காவை எல்லோருக்கும் தெரியும். விநாடி எழுதும் ஆளுக்கு ஊரில் இன்னும் இடம் இல்லை.

அளப்பது முழுக்க நின்றுவிடவில்லை. வாரத்தில் ஒரு நாள் ஜாக்கெட்டோடு, எல்லோரும் பார்க்க, பஸ் ஸ்டாப்பில். ஒளிந்து அளப்பது இல்லை. அன்றைய கணக்கைப் பக்கத்திலுள்ள கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிவிடுகிறார்கள்: பார்த்த வண்டி எத்தனை, 40ஐத் தாண்டியது எத்தனை. உள்ளூரா வெளியூரா என்ற பிரிவை எடுத்துவிட்டார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை; நோட்டின் முக்கியமான செய்தியே அதுதான் என்று வாதாடினேன். ‘சார், நீங்க சாயந்தரம் பஸ் ஏறிப் போயிருவீங்க’ என்றார் மகளிர் குழுத் தலைவி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஸ்பீடு பிரேக்கர் இன்னும் வரவில்லை. பள்ளிக்கு இரண்டு பக்கமும் வெள்ளைப் பட்டைகளாக அதிர்வுக் கோடுகள் போட்டிருக்கிறார்கள். முதல் வாரம் எல்லோரும் குறைத்தார்கள், பிறகு பைக்குகள் பட்டை முடியும் ஓரத்து மண்ணில் இறங்கிப் போகக் கற்றுக்கொண்டன. மண் ஓரத்தில்தான் பிள்ளைகள் நடக்கிறார்கள். அதை அடைத்துக் கொடுங்கள் என்று மனு போயிருக்கிறது. எஸ்.ஐ. மாற்றலாகிவிட்டார். புதியவரைப் பார்க்க நோட்டோடு போக வேண்டும்.

கோடை விழாக் கூட்டத்தின்போது ஏறுகிற வண்டிகளை அடிவாரம் வழியாகவும் இறங்குகிறவற்றைக் குப்பனூர் வழியாகவும் திருப்பிவிடுவது வழக்கம். அந்த நாட்களில் இந்தச் சாலையில் மலையிலிருந்து இறங்கும் கூட்டம் இருக்காது, ஏறுவது மட்டும்தான். இறங்குகிறவர்கள்தான் வேகம் என்று ஊரில் ஒரு கட்சி, ஏறுகிறவர்கள்தான் என்று இன்னொரு கட்சி. அடுத்த விழாவுக்கு முன்னும் விழாவின்போதும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அளந்து பார்ப்பதாகப் பேசி வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்புக்கும் டேப்புக்கும் நான் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.